படியேறினால்தான் முருகனா?

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம் அது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஏறுகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதே மலைக்கு ஒரு தார் ரோடும் இருக்கிறது. பஸ் போகிறது, கார் போகிறது, ஆட்டோ போகிறது. முட்டி தேய்ந்த பாட்டி, கைக்குழந்தைக்காரி, போன மாசம்தான் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா எல்லோரும் அந்த வழியாகத்தான் மேலே போகிறார்கள். போய், அதே சன்னிதியில் நின்று அதே முருகனைத்தான் பார்க்கிறார்கள். 'நீ படியேறி வரலை, உனக்கு விபூதி கிடையாது' என்று எந்த குருக்களும் சொல்வதில்லை. ரோடு போட்டதால் படிக்கு மகிமை குறைந்துவிட்டது என்று யாரும் அழுவதும் இல்லை.

இவ்வளவு சாதாரணமாக ஊருக்கே புரிந்த விஷயம், குழந்தைகளுக்கான யோகா வகுப்பு என்று வந்தால் மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திருத்தணியாகவே இருக்கட்டும். அரக்கோணம், திருவள்ளூர், அம்பத்தூர் என்று எதைப் போட்டாலும் வசனம் மாறாது. சாயங்கால நேரம், ஒரு கல்யாண மண்டபத்து மாடி. ஜமுக்காளம் விரித்து இருபது முப்பது பிள்ளைகள். பெருமூளை வாதத்தால் இடது காலை இழுத்து நடக்கிற எட்டு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வருகிறார். மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்குகிறது. யோகா மாஸ்டர் நல்ல மனுஷர். கோபப்பட மாட்டார். பையன் தலையைத் தடவிக் கொடுத்து, 'இவனால முடியாதும்மா, பாவம், கஷ்டப்படுத்தாதீங்க' என்பார். ரொம்பக் கேட்டால், 'சரி, ஓரமா உட்கார்ந்து பார்க்கட்டும்' என்று ஒரு இடம் கிடைக்கும்.

அந்த 'நல்ல மனுஷர்'தான் பிரச்சினையே. விரட்டுகிறவனோடு சண்டை போடலாம். பரிதாபப்பட்டுக் கதவைச் சாத்துகிறவரை என்ன செய்வது? அந்த அம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவார். அடுத்த நாளிலிருந்து அந்த வகுப்பில் 'அப்படிப்பட்ட பிள்ளை யாரும் சேர வருவதில்லை' என்ற நிலைமை இயல்பாக அமைந்துவிடும். கேட்டால், 'யாரும் வர்றதே இல்லையே, வந்தா சேர்த்துக்க மாட்டோமா?' என்று பதிலும் வரும்.

'இவனால முடியாது' என்கிறாரே, எது முடியாது? மூச்சை இழுத்து விடுவதா? ஒரு கையைத் தூக்குவதா? கண்ணை மூடி ஒரு நிமிஷம் சத்தத்தைக் கவனிப்பதா? இது எல்லாமே அந்தப் பையனால் முடியும். முடியாதது ஒன்றுதான்: சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரில் உள்ள ஆள் மாதிரி நிற்பது. அப்படியானால் மாஸ்டர் சொல்லிக் கொடுப்பது யோகாவையா, போஸ்டரையா?

யோக சூத்திரம் எழுதியவர் என்று எல்லோரும் கும்பிடுகிற பதஞ்சலியையே எடுத்துக்கொள்ளலாம். 195 சூத்திரங்கள் (196 என்று எண்ணுகிறவர்களும் உண்டு). அதில் ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுபவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் காலை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று அளந்து சொல்வதில்லை. நிலையாக இருக்க வேண்டும், உடம்புக்கு இதமாக இருக்க வேண்டும் என்ற போக்கில்தான் போகின்றன. இன்னொன்று. சிதம்பரத்தில் பதஞ்சலியின் உருவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்புக்கு மேலே மனிதர், இடுப்புக்குக் கீழே பாம்பு. கால் என்பதே கிடையாது! யோகாவின் மூல ஆசாமியே இந்த மாடிக்கு வந்தால் ஒற்றைக் காலில் விருட்சாசனம் போட முடியாது. அவரையும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள் போலிருக்கிறது.

புராணத்தை விடுங்கள், அது சாட்சி ஆகாது. சமீப காலச் சரித்திரத்தில் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. கொஞ்சம் நீளம், ஆனால் சொல்லியாக வேண்டும்.

இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிற ஆசன யோகாவில் பெரும்பகுதி ஒரே ஆளிடமிருந்து கிளம்பியது. திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888-இல் பிறந்தவர். (திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும் அதே 1888 தான். ஆசிரியர் தினம் கொண்டாடுகிறவர்கள் கவனிக்க.) 1933-இலிருந்து மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தினார். அங்கே அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், வாலிபர்கள். ரப்பர் மாதிரி உடம்பு. வேகமாக, ஒன்றன் பின் ஒன்றாக, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி ஆசனங்கள். ராஜா செலவு செய்கிறார், விருந்தாளிகள் முன்னால் செய்து காட்ட வேண்டும். அந்த இடத்துக்கு அது சரி. பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். அய்யங்கார் எல்லாம் அந்தக் காலத்து மாணவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவு போனது. 1950-இல் யோகசாலை மூடப்பட்டது. 1952-இல் அவர் சென்னைக்கு வந்தார். அழைத்தது எதற்காக? பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த ஒரு சட்ட நிபுணருக்குச் சிகிச்சை தருவதற்காக! அதற்குப் பிறகு சுமார் 37 வருஷம், 1989-இல் இறக்கும் வரை, சென்னைதான். இங்கே அவரிடம் வந்தவர்கள் யார்? நோயாளிகள், வயதானவர்கள், முதுகு வலிக்காரர்கள், மூச்சு இரைப்புக்காரர்கள். மைசூரில் கற்றுக்கொடுத்ததை அப்படியே இவர்களிடம் திணித்தாரா என்றால் இல்லை. ஆளைப் பார்த்தார், அவருடைய மூச்சைப் பார்த்தார், அதற்கேற்ற மாதிரி ஆசனத்தை மாற்றினார். நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்து, உட்கார முடியாதவருக்குப் படுத்து. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தின் அடிப்படையே இதுதான்: ஆளுக்கு ஏற்றபடி யோகாவை மாற்று, யோகாவுக்கு ஏற்றபடி ஆளை முறுக்காதே.

96 வயதில் கிருஷ்ணமாச்சார்யாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டிலில் படுத்தபடியே செய்யக்கூடிய ஒரு பயிற்சியைத் தனக்குத்தானே அமைத்துக்கொண்டார். நிற்க முடியாத அந்த மனிதர் கட்டிலில் செய்ததற்குப் பெயர் என்ன? யோகா இல்லை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் இருக்கிறதா?

ஆக, ஒரே குருவிடமிருந்து வந்த இரண்டு வழிகள். ஒன்று மைசூர் மேடை, இன்னொன்று மெட்ராஸ் கட்டில். நம்மூர்ப் பிள்ளைகளுக்கான யோகா வகுப்புகள் பெரும்பாலும் மேடையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மைசூர் எங்கேயோ இருக்கிறது. சென்னை திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அய்யங்கார் விஷயமும் இதேதான். சின்ன வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று வரிசையாக அனுபவித்த நோஞ்சான் பையன் அவர். பிற்காலத்தில் கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி என்று துணைச் சாதனங்களைப் பயன்படுத்தி, வளையாத உடம்பும் ஆசனம் செய்யலாம் என்று காட்டியதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு. அவர் வழியில் கற்றவர் அமெரிக்காவின் மேத்யூ சான்ஃபோர்ட். 1978-இல் 13 வயதில் கார் விபத்தில் நெஞ்சுக்குக் கீழே செயலிழந்துபோனவர். வீல்சேரிலிருந்தபடி யோகா கற்று, பிறகு ஆசிரியராகி, நடக்க முடிகிறவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். இங்கே கட்டையும் நாற்காலியும் கொண்டுவந்தால் 'அது சுத்தமான யோகா இல்லீங்க' என்பார்கள். சுத்தம் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், அந்த நாற்காலியைக் கொண்டுவந்தவர் யார் என்று தெரிந்துகொண்டால் நல்லது.

'சரிப்பா, பெரியவங்களுக்கு ஓகே. குழந்தைங்களுக்கு, அதுவும் புத்தி வளர்ச்சி கம்மியான குழந்தைங்களுக்கு எப்படி?' என்ற கேள்வி வரும். அதையும் இதே சென்னையில் செய்து பார்த்துவிட்டார்கள், அதுவும் 1980களிலேயே. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக இயங்கிய விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனமும் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரமும் கைகோத்து வேலை செய்து, இப்படிப்பட்டவர்களுக்கு யோகாசனம் கற்பிப்பது எப்படி என்று ஒரு கைநூலே வெளியிட்டன. பெங்களூரில் நான்கு சிறப்புப் பள்ளிகளிலிருந்து 90 பிள்ளைகளை எடுத்து, 45 பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்க வாரம் 5 மணி நேரம் யோகா கற்றுக்கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1989-இல் வெளிவந்தது. யோகா கற்ற பிள்ளைகள் சமூகத்தோடு ஒட்டிப் பழகுவதிலும் அறிவுத்திறன் சோதனையிலும் முன்னேறியிருந்தார்கள் என்றது முடிவு. 90 பேரை வைத்துச் செய்ததை உலக உண்மை ஆக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியும், ஒரு வருஷம் முழுக்க அவர்கள் செய்வார்கள் என்பதற்கு மட்டும் அது போதும். 'முடியாதும்மா' என்ற பதிலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு பாய்ந்து வரும். 'பார்த்தீங்களா, அது எல்லாம் சிறப்புப் பள்ளி. அவங்களுக்குத் தனியா ஒரு கிளாஸ் வெச்சுட்டாப் போச்சு!'

தனி வகுப்பு. காதுக்கு இனிமையான சொல். சென்னையிலோ பெங்களூரிலோ வைக்கலாம். தனி வகுப்பு வைக்கிற அளவுக்குத் திருத்தணி மாதிரி ஒரு ஊரில் எத்தனை பேர் சேர்வார்கள்? ஒரு பிள்ளைக்குப் பார்வையில்லை, ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது, ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம், ஒரு பிள்ளை வீல்சேர். இந்த நால்வருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது, 'மற்றவர்கள் வேண்டாமென்று சொன்னார்கள்' என்பதைத் தவிர? பார்வையில்லாத பிள்ளைக்கு வேண்டியது வாயால் தெளிவாகச் சொல்வது. காது கேட்காத பிள்ளைக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்து காட்டுவது. இருவரையும் ஒரே அறையில் அடைத்து 'ஸ்பெஷல் பேட்ச்' என்று பெயர் வைத்தால், அது மற்றவர்களின் வசதிக்காகப் போட்ட ஏற்பாடு, பிள்ளைகளுக்கானது இல்லை. மலைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தனியாக இன்னொரு மலை கட்டின மாதிரி.

அடுத்த எதிர்ப்பு, 'மத்தப் பசங்க டிஸ்டர்ப் ஆவாங்க.' முப்பது பிள்ளைகள் இருக்கிற அறையில் ஒருவன் திடீரென்று கையைத் தட்டினால் கவனம் சிதறும் என்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஹாரன் அடிக்கிறது, கீழே மண்டபத்தில் மைக் செட் சோதிக்கிறார்கள், அதிலெல்லாம் சிதறாத கவனம் ஒரு சகமாணவனின் கைத்தட்டலில் மட்டும் சிதறுமாம்! சிதறினால்தான் என்ன, சிதறியதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவதற்குத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?

உண்மையான காரணம் வேறே. போட்டி. மாவட்டம், மாநிலம், தேசியம், சர்வதேசம்(!) என்று யோகாசனப் போட்டிகள். 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாகவே அங்கீகரித்துவிட்டது. விளையாட்டாக நடத்துகிறவர்கள் நடத்தட்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் அதன் நிழல் எட்டு வயசுப் பிள்ளைகளின் சாயங்கால வகுப்பு வரை நீண்டு விழுகிறது. கோப்பை வாங்கிய பிள்ளையின் படம் ஃபிளெக்ஸில் வந்தால்தான் அடுத்த மாதம் அட்மிஷன் வரும். அந்த ஃபிளெக்ஸில் காலை இழுத்து நடக்கிற பையனுக்கு இடமில்லை. இதை வெளிப்படையாகச் சொன்னால் அசிங்கமாக இருக்கும், அதனால் 'பாவம், கஷ்டப்படுத்தாதீங்க' என்று சொல்கிறார்கள். போட்டிக்கு ஆள் தயாரிக்கிற வகுப்பென்றால் போர்டில் அப்படியே எழுதிவிடட்டும். 'ஆரோக்கியம், மன அமைதி, ஒழுக்கம், ஞாபக சக்தி, அனைவருக்கும் யோகா' என்று எழுதிவைத்துவிட்டு உள்ளே ஜிம்னாஸ்டிக்ஸ் ஆள்சேர்ப்பு நடத்த வேண்டாம்.

மூன்றாவது எதிர்ப்பில் மட்டும் நியாயம் உண்டு. 'ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?' இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிமானம் தளர்வாக இருக்கும். சிரசாசனம், சர்வாங்காசனம், குட்டிக்கரணம் எல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் கூடவே கூடாது. வலிப்பு உள்ள பிள்ளையைக் கபாலபாதி, பஸ்திரிகா என்று வேகவேகமாக மூச்சு விட வைத்தால் அதுவே வலிப்பைத் தூண்டிவிடலாம். தலையில் ஷன்ட் குழாய் வைத்த பிள்ளையைத் தலைகீழாக நிறுத்தக் கூடாது. பெருமூளை வாதத்தில் இறுகிய தசையைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் இறுகும். மெதுவாக, மூச்சோடு, அவன் போகிற தூரம் வரைதான். இதெல்லாம் தெரியாத மாஸ்டர் ஆபத்தானவர்தான். ஆனால் அவர் எல்லாப் பிள்ளைகளுக்குமே ஆபத்தானவர். வலிப்பு இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா, காதில் சீழ் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் முப்பது பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தித் தலைகீழாக்குகிறவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளை வந்தவுடன் மட்டும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. சேர்க்கும்போது ஒரு தாளில் நாலு கேள்வி, டாக்டரிடமிருந்து ஒரு சீட்டு. இது எல்லோருக்கும் வேண்டியது.

மற்ற மாற்றங்களுக்கு ஆகும் செலவைக் கேட்டால் சிரிப்பு வரும். சுவர் ஏற்கெனவே இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்க முடியாதவன் சுவரில் கை வைத்து நிற்கலாம், அதுவும் முடியாதவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாதத்தை மட்டும் தூக்கலாம். நாற்காலி மண்டபத்தில் நூறு கிடக்கிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஒரு கயிறு தைத்தால் தன் இடத்தை விரலால் தெரிந்துகொள்வாள். 'இப்படிப் பண்ணுங்க' என்பதற்குப் பதிலாக 'வலது கையைக் காதோடு ஒட்டி மேலே தூக்குங்க' என்று சொன்னால் அவளுக்கு மட்டுமல்ல, கடைசி வரிசையில் முன்னால் இருப்பவன் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் புரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தினமும் ஒரே வரிசை, அடுத்து என்ன என்பதைக் காட்டும் நாலு படம் வரைந்த அட்டை, எதிரொலிக்கிற ஹாலில் மைக் வைத்து ஓங்காரம் போடாமல் இருப்பது. (மைக் இல்லாமல் முப்பது பேருக்கு வகுப்பு எடுக்க முடியாதவர் முதலில் தன் மூச்சைக் கவனிக்க வேண்டும்.) மாடிக்குப் பதிலாகத் தரைத்தளம், இது ஒன்றுதான் கொஞ்சம் அலைச்சல்.

காது கேட்காத பிள்ளையின் கதைதான் இருப்பதிலேயே கொடுமை. எல்லா வகுப்பிலும் முதல் வாக்கியம், 'கண்ணை மூடுங்க'. மூடியவுடன் அந்தப் பிள்ளைக்கு வகுப்பு முடிந்தது. மாஸ்டர் பேசுவது தெரியாது, மற்றவர்கள் எப்போது எழுந்தார்கள் என்பது தெரியாது. அரைக்கண் திறந்து பக்கத்தில் பார்த்தால், 'ஏய், கண்ணை மூடு' என்று அதட்டல். அதுவும் காதில் விழாது. அப்புறம் 'அடங்காத பிள்ளை' என்ற பட்டம். இதற்கு மருந்து என்ன தெரியுமா? மூடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று காட்டிவிடுவது, திறக்க வேண்டிய நேரத்தில் தரையில் இரண்டு தட்டு தட்டுவது. அவ்வளவுதான்.

இதைச் செய்ய திருத்தணிக்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1-இல்தான் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. எல்லைக்கோடு மாறியது, வீட்டுக்குள் பேசுகிற மொழி மாறவில்லை. இந்தப் பக்கத்து வகுப்பறையில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு இருக்கலாம். இங்கே பாடம் எடுக்கிற எவருக்கும் 'கண்ணை மூடு' என்ற கையோடு 'கள்ளு மூசுகோ' என்றும் சொல்லத் தெரியும். (கள் அல்லங்க, கண்!) அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை. 'தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தனி ஹால்' என்று கேட்பதில்லை. 'தமிழ்ப் பசங்க டிஸ்டர்ப் ஆவாங்க' என்று புலம்புவதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்வது இந்த ஊரில் அன்றாடப் பழக்கம். அந்த இரண்டை மூன்றாக்கச் சொன்னால் மட்டும் ஏன் மலை இடிந்து விழுகிறது?

சட்டமும் இருக்கிறது, பெயருக்கு ஒரு பத்தி. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை இந்தியா 2007-லேயே ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்ப்பதோடு, விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்கிறது. ஆக, பள்ளிக்கூட யோகா பீரியடில் ஒரு பிள்ளையை 'நீ கிளாஸ்லயே உட்காரு, பைகளைப் பார்த்துக்கோ' என்று விட்டுவிட்டு மற்றவர்கள் மைதானத்துக்குப் போவது இரக்கம் இல்லை, சட்டமீறல். மண்டபத்து மாடியில் நடக்கிற தனியார் வகுப்பு இந்தப் பிரிவில் நேரடியாக மாட்டாது. அங்கே மனசாட்சிதான் இன்ஸ்பெக்டர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11,79,963 மாற்றுத்திறனாளிகள். அதுவும் 7 வகைக் குறைபாடுகளைத்தான் சட்டம் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த கணக்கு. இப்போது சட்டப்படி 21 வகை. 'ஊனமுற்றோர்' என்ற போர்டைக் கழற்றி 'மாற்றுத்திறனாளி' என்று மாட்டிப் பல வருஷம் ஆகிறது. போர்டுக்குக் கீழே இருக்கிற மூன்று படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

யோகா மாஸ்டர்கள் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆள், முப்பது பிள்ளைகள், மாசம் சொற்ப வருமானம். அவருக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுத்ததில்லை. சான்றிதழுக்காக அவர் மனப்பாடம் செய்த ஆசனப் பட்டியலில் வீல்சேர் வரவில்லை. சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கொஞ்ச நாள் தனியாகச் சொல்லிக் கொடுத்துப் பழக்க வேண்டியும் இருக்கும், சென்னையிலும் அப்படித்தான். அவர் ஒருவரே எல்லாம் செய்ய வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் இருக்கிறது. சமக்ர சிக்ஷாவில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்பு அவர்களுக்குத் தெரியும், ஆசனம் மாஸ்டருக்குத் தெரியும். இருவரும் ஒரு சனிக்கிழமை சந்தித்து டீ குடித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஆள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு 'நீ இவன் பக்கத்துல நின்னு செய்' என்று சொல்லிப் பாருங்கள், மாஸ்டரைவிடப் பொறுப்பாகச் செய்யும்.

கடைசியாக இன்னொரு கூட்டம். இவர்கள் சேர்க்க மாட்டேன் என்று சொல்வதில்லை, ஓடிவந்து சேர்க்கிறார்கள். 'மூணே மாசத்துல ஆட்டிசம் போயிடும்', 'இந்தப் பிராணாயாமம் பண்ணா பேச்சு வந்துடும்'. ஆட்டிசம் போவதற்கு அது சளி அல்ல. யோகாவால் தூக்கம் கொஞ்சம் சீராகலாம், உடம்பு கொஞ்சம் தளரலாம், நாலு பேரோடு வரிசையில் நிற்கிற சந்தோஷம் கிடைக்கலாம். அந்தச் சந்தோஷமே போதுமான காரணம். நன்றாக நடக்கிற பிள்ளையை யோகாவில் சேர்க்கும்போது 'எந்த நோய் குணமாகும்?' என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டாக, நண்பர்களோடு, ஏதோ கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்புகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை மட்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மருத்துவக் கணக்குக் காட்ட வேண்டுமா? வகுப்பில் சேர்க்காதவரும் குணமாக்குகிறேன் என்பவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இருவருக்கும் அந்தப் பிள்ளை ஒரு கோளாறு. ஒருவர் ஒதுக்குகிறார், இன்னொருவர் ரிப்பேர் செய்யப் பார்க்கிறார்.

ஜூன் 21 வரும். 2015-இலிருந்து வருஷா வருஷம் யோகா தினம். முதல் வருஷம் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். அதே அழகை ஒவ்வொரு ஊர் மைதானத்திலும் பார்க்கலாம்: வெள்ளைச் சட்டை, நேர் வரிசை, ஒரே கோணத்தில் எல்லாக் கைகளும். வரிசை கலையாமல் இருப்பதற்காக யார் யாரை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள் என்பது போட்டோவில் தெரியாது.

அதே மைதானத்தில் முன்வரிசைக்கும் முன்னால், ஷாமியானா நிழலில், பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். சிறப்பு விருந்தினர்களுக்கு. அவர்கள் தரையில் உட்கார மாட்டார்கள், முட்டி வலி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் தூக்குவார்கள், மூச்சை இழுத்து விடுவார்கள், மேடையில் இருப்பவர் 'சிறப்பு விருந்தினர்களும் நம்மோடு யோகா செய்கிறார்கள்' என்று மைக்கில் பெருமையாக அறிவிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். நாற்காலியில் செய்தால் அது யோகா இல்லை என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஜூனில் அந்த நாற்காலிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டுபோய் பிள்ளைகள் வரிசைக்கு நடுவில் போடச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறதென்று பார்க்கலாம்.